சரி, வாங்க

இது கதை இல்லை. நடந்தது. நம்புகிறவர்கள் நம்பட்டும். நம்பாதவர்கள் ஒரு நாள் சாயங்காலம் என் அக்கா வீட்டுக்கு வந்து, பின்பக்கத்து வலை அறையில் விளக்கு போடும் நேரம்வரை உட்கார்ந்து பார்க்கட்டும். நாற்காலி நான் போட்டுத் தருகிறேன். கூட உட்காரமாட்டேன்.

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதல் ஆளாகச் சிரிக்கிறவன் நான். அக்கா எனக்கும் ஒரு படி மேல். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அட்டையை மூன்று முறை திருப்பிப் பார்க்காமல் ஒரு மாத்திரையைக்கூட யார் கையிலும் கொடுக்கமாட்டாள். கற்பனைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். அவள் சொன்னாள் என்பதால்தான் நான் காது கொடுத்தே கேட்டேன். கடைசியில் என் காதாலேயே கேட்டும் தொலைத்தேன்.

அந்த அறை அப்பாவுக்காகக் கட்டியது. அப்பா வாழ்நாள் முழுக்க மாவு மில்லில் நின்றவர். நெஞ்சுக்குள் போன தூசி போகவே இல்லை. மூச்சு விட்டால் மெல்லிசாக விசில் சத்தம் வரும். தெரு முனையில் அவர் திரும்பும்போதே வீட்டில் நாங்கள், "விசில் வருது, புஸ்தகத்தை எடுடா" என்று உஷாராகிவிடுவோம். வயசானதும் அந்த விசில்தான் அவருக்கு எமனாக வந்து நின்றது. கதவு சாத்திய அறையில் ஐந்து நிமிஷம் இருந்தால் திணறிப் போவார். வெளியே கட்டில் போட்டால் கொசு பிய்த்துத் தின்றுவிடும். போன மழையில் காய்ச்சல் வந்து பிழைத்ததே பெரிய விஷயம்.

அதனால் அக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். சமையலறையை ஒட்டிய பின்பக்கத்துச் சிமென்ட் தரையில் மேலே தகரம், மூன்று பக்கமும் அலுமினியச் சட்டம், சட்டம் முழுக்கக் கொசுவலை. காற்று வரும், கொசு வராது. தோட்டத்துப் பக்கம் ஒரு வலைக்கதவு, வீட்டுப் பக்கம் பழைய மரக்கதவு. சமையலறை ஜன்னல் இனிமேல் அந்த அறைக்குள் திறக்கும். அதற்கும் ஒரு வலை. அத்தான் வழக்கம்போல, "இதுக்கெல்லாம் எதுக்கு ஆளு? நானே போட்டுடுவேன்" என்றார். அக்கா வழக்கம்போல ஆளைக் கூப்பிட்டாள்.

வந்தவரை எல்லோரும் வலைக்காரர் என்றுதான் சொல்வார்கள். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற ரகம். ஆனால் வேலை சுத்தம். வலையைச் சட்டத்தின் மேல் விரித்து, சட்டத்தில் ஓடும் பள்ளத்தில் மெல்லிய ரப்பர் கயிற்றை வைத்து, கைப்பிடி போட்ட ஒரு சின்னச் சக்கரத்தால் உருட்டி அழுத்திக்கொண்டே போவார். வலை விறைத்து நிற்கும். விரலால் சுண்டினால் 'டங்' என்று சத்தம் வரும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டமாகச் சுண்டிப் பார்த்துச் சிரித்தாராம்.

கடைசி நாள் சாயங்காலம். அப்பா முன்பக்கம் இருந்தார். அக்கா சமையலறையில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து குரல்.

"வரேன்மா."

அக்கா திரும்பக்கூட இல்லை. "சரி, வாங்க" என்றாள்.

நாம் எல்லோரும் சொல்வதுதானே. கிளம்புகிறவர் 'வரேன்' என்பார், நாம் 'வாங்க' என்போம். போவதற்குத்தான் அந்தப் பேச்சு என்பது யாருக்குத்தான் தெரியாது?

பாலை இறக்கிவிட்டு அவள் போய்ப் பார்த்தபோது வலைக்காரர் இல்லை. வேலையும் முடியவில்லை. தோட்டத்துப் பக்கத்துச் சட்டத்தில் கீழ் மூலை மட்டும் பிரிந்து கிடந்தது. ஒரு கை நுழையும் அளவு இடைவெளி. அந்தச் சக்கரக் கருவி தரையிலேயே கிடந்தது. தொழில் செய்கிறவர் கருவியை விட்டுவிட்டுப் போவாரா? போன் செய்தால் எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தக் கருவியை எடுத்து, மூலையை அவரே உருட்டி அழுத்தி அடைத்துவிட்டார். "பார்த்தியா? இதுக்குப் போயி ஆளாம்." ஒரு வாரம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அப்பா கட்டில் அங்கே போனது. பல மாதத்துக்குப் பிறகு மனுஷர் படுத்தவுடன் தூங்கினார். எனக்குப் போன் போட்டு, "சின்னவனே, சொர்க்கம்டா" என்றார். அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. இதை அவள் என்னிடம் பலமுறை சொல்லிவிட்டாள். அந்தச் சந்தோஷம் பொய் இல்லை.

பிறகு சின்னச் சின்னதாக ஆரம்பித்தது...

முதலில் வலை. அத்தான் அடைத்த மூலையில் ஒரு புடைப்பு. உள்ளங்கை அளவு. அக்கா அழுத்திச் சரி செய்தாள். மறுநாள் அடுத்த சட்டத்தில், கொஞ்சம் மேலே. "பூனையா இருக்கும்" என்றார் அத்தான். பூனை வெளியே இருந்தால் வலை உள்ளே அல்லவா குழிய வேண்டும்? இது வெளிப்பக்கம் புடைத்திருந்தது. உள்ளேயிருந்து யாரோ கை வைத்து அழுத்தினமாதிரி.

அப்புறம் அந்தக் குரல்.

சாயங்காலம் விளக்கு போடும் நேரம். அக்கா சமையலறையில் இருப்பாள். "வரேன்மா" என்று கேட்கும். கை வேலையில் இருக்கும், வாய் தானாக, "சரி, வாங்க" என்றுவிடும். பால்காரரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, அப்பாவைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்றே நினைத்திருக்கிறாள். நாலைந்து நாள் கழித்துத்தான் உறைத்தது. தோட்டத்துக் கதவு உள்ளே தாழ் போட்டபடி இருக்கிறது. வீட்டு வழியாகவும் யாரும் போகவில்லை.

"யாருப்பா வந்தது?"

"யாரும் வரலியே, பெரியவளே" என்றார் அப்பா. "போறவர்தான் தினம் சொல்லிட்டுப் போறாரு."

"போறவரா? யாரு?"

"தெரியல. நல்ல மனுஷன். சொல்லிக்காம போறதில்ல."

அப்பாவுக்கு வயசாகிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். ஆனால் அன்றைக்கு அவருக்குப் போர்வை போர்த்தக் குனிந்தபோது விசில் கேட்டது. ஒன்று அப்பாவுடையது. அது நின்ற பிறகும் இன்னொன்று, கட்டிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து... மெல்ல... பழகிப் பார்க்கிறமாதிரி.

புடைப்பு ஒவ்வொரு சட்டமாக நகர்ந்து வந்தது. தோட்டத்துப் பக்கத்திலிருந்து வீட்டுப் பக்கமாக.

அப்பாவை உள்ளே கூட்டி வந்து படுக்க வைத்தாள். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. உதடு நீலம் பாய்ந்துவிட்டது. "என்னை அங்கயே விட்டுடு, பெரியவளே" என்று சொல்ல முடியாமல், கையால் பின்பக்கத்தைக் காட்டினார். வேறு வழியில்லை. உள்ளே வைத்தால் மூச்சு போகும். வெளியே வைத்தால்... என்ன என்று அவளுக்கே தெரியவில்லை. அழுதுகொண்டே கட்டிலுக்குத் திரும்பக் கொண்டு போய் விட்டாள்.

ஒன்றே ஒன்று தீர்மானித்தாள். இனிமேல் பதில் சொல்வதில்லை.

மறுநாள். வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அக்கா அடுப்பைக்கூட அணைத்துவிட்டு நின்றாள்.

"வரேன்மா."

அக்கா வாயைக் கையால் பொத்திக்கொண்டாள்.

ஒரு சத்தமும் இல்லை.

"வரேன்மா..."

இந்தத் தடவை பக்கத்தில். ஜன்னலில்.

டங்.

ஜன்னல் வலை சமையலறைப் பக்கம் புடைத்தது. மெதுவாக. முதலில் உள்ளங்கை. பிறகு... நெற்றி. மூக்கு.

வலைக்கு அந்தப் பக்கம் ஒன்றும் இல்லை. அப்பாவின் கட்டில் தெரிந்தது.

"வரேன்மா..."

அக்கா மூச்சு விடவில்லை.

அப்போது கட்டிலிலிருந்து அப்பா சொன்னார். "ஒருத்தர் இத்தனை தடவ சொல்றாரு, பதில் சொல்லாம இருக்கலாமா, பெரியவளே?" இருமினார். பிறகு, எப்போதும்போல மரியாதையாக, "வாங்க" என்றார்.

வலை தளர்ந்தது.

விசில் நின்றது.

அக்கா ஓடினாள். அப்பா கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். விசிலும் இல்லை, இளைப்பும் இல்லை. அவளை நிதானமாகப் பார்த்தார்.

"வந்துட்டேன்மா" என்றார்.

எழுந்தார். யாரும் கை கொடுக்காமல் மரக்கதவைத் தாண்டி வீட்டுக்குள் நடந்தார். உள் அறைக்குப் போய், அவரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். பயத்தில் அக்கா கதவில் காது வைத்துக் கேட்டாள். சீரான மூச்சு. பிசிறே இல்லாத மூச்சு.

அத்தான் சந்தோஷத்தில் குதித்தார். டாக்டர் ஆச்சரியப்பட்டார். நல்ல காற்று பட்டதில் தேறிவிட்டார் என்றார்கள். நானும் போனில் பேசினேன். நன்றாகத்தான் பேசினார். அக்கா மட்டும் ஒன்றைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

"அப்பா என்னைய 'மா'ங்கறாருடா. ஒரு தடவகூட பெரியவளேன்னு கூப்பிடல."

"வயசாச்சுக்கா" என்றேன். என் வாயில் வேறென்ன வரும்?

அவள் அந்தக் கருவியை எடுத்துக்கொண்டு அலுமினியக் கடைத்தெருவுக்கே போய்விட்டாள். வலைக்காரர் ஒரு கடை வாசலில் சட்டம் அறுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் ரம்பம் நின்றது. கருவியை நீட்டினாள். அவர் கை நீட்டவில்லை.

"அது வேண்டாம்மா."

"ஏன் பாதியில போனீங்க? போகும்போது சொல்லிட்டுதானே போனீங்க?"

"நான் சொல்லலம்மா."

"வரேன்மான்னு..."

"நான் சொல்லல. அந்த மூலைய மூணு தடவ அழுத்தினேன். மூணு தடவையும் உள்ளேர்ந்து தள்ளிவிட்டுச்சு. உள்ள யாருமில்ல. போட்டது போட்டபடி கிளம்பிட்டேன். தோட்டத்துல செருப்பு மாட்டும்போதுதான் நீங்க 'சரி, வாங்க'ன்னது கேட்டுச்சு. யாருக்குச் சொல்றீங்கன்னு பார்த்தேன்..."

"யாருக்கு?"

அவர் அந்தக் கருவியைப் பார்த்தார். "அந்த மூலைய அப்படியே விட்டிருக்கீங்கல்ல?" என்றார்.

"எங்க வீட்டுக்காரர் அடைச்சுட்டாரு."

"அடைக்கும்போது தள்ளலியா?"

"இல்ல."

வலைக்காரர் ரம்பத்தைக் கீழே வைத்தார். "அப்ப அது போற எண்ணத்த விட்டுடுச்சும்மா. அன்னைக்கு அது நிஜமாவே போகத்தான் சொல்லிக்கிச்சு... நீங்க வாங்கன்னுட்டீங்க."

அக்கா எனக்கு உடனே போன் செய்தாள். மறுநாளே நான் போய் இறங்கினேன். அப்பா கூடத்தில், ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வாப்பா" என்றார். சின்னவனே என்று சொல்லவில்லை. அது போக வழி கிடைக்கட்டும் என்று நானும் அக்காவும் பின்பக்கம் போய் அந்த மூலையைக் கத்தியால் பிரித்துவிட்டோம். வலை தொங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. அப்பாடா என்று உள்ளே வந்தோம். அக்கா மரக்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள்.

விளக்கு போடும் நேரம் வந்தது.

வெளியே, காலியாகக் கிடந்த வலை அறைக்குள்...

விசில்.

மெல்லிசாக. இளைத்து இளைத்து. நான் பிறந்ததிலிருந்து கேட்ட விசில். தெரு முனையில் திரும்பும்போதே தெரிந்துவிடும் விசில்.

அது கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது.

"பெரியவளே..."

அக்கா என் கையைப் பிடித்தாள்.

"சின்னவனும் வந்திருக்கானா? குரல் கேட்டுச்சே..." இருமல். "மூச்சு முட்டுது. உள்ள வரட்டுமா?"

அக்காவின் கை தாழ்ப்பாளுக்குப் போனது. வாய் திறந்தது. ஒரே ஒரு வார்த்தைதான். தினம் நூறு தடவை சொல்கிற வார்த்தை.

எங்களுக்குப் பின்னால் கூடத்து நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் வந்து, எங்களைத் தொடும் தூரத்தில் நின்றார். இருமல் இல்லை. இளைப்பு இல்லை.

"பதில் சொல்லாதம்மா" என்றார்.