யார் யாருக்குத் துணை

எங்கள் வீட்டில் யாரையும் வெளியூருக்குத் தனியாக அனுப்ப மாட்டார்கள். துணைக்கு ஓர் ஆள் போக வேண்டும். அந்த ஆள் வழியெல்லாம் தூங்கி வழிந்தாலும் சரி, வாந்தியெடுத்தாலும் சரி, துணை துணைதான். இரண்டாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் எனக்கு முதன்முதலாக அந்த உத்தியோகம் கிடைத்தது.

திருவெண்ணெய்நல்லூரில் தாத்தாவின் அக்கா வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் கிடந்தார். தாயில்லாத தாத்தாவைத் தூக்கிச் சுமந்து வளர்த்தவர் அவர்தான். சேதி வந்ததிலிருந்து தாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. பார்த்தே ஆக வேண்டும் என்று துடித்தார். அப்பா விடவில்லை. தாத்தாவின் இரண்டு கண்களிலும் புரை. ஆபரேஷன் செய்துகொள்ளச் சொல்லி அப்பா கெஞ்சியும் பார்த்துவிட்டார், மிரட்டியும் பார்த்துவிட்டார். "எனக்கென்னாத்துக்குடா? எல்லாம் பளிச்சினு தெரியுது" என்பார் தாத்தா. பளிச்சென்று தெரிந்த அவர் அந்த மாதம்தான் பால்காரரை மாப்பிள்ளை என்று நினைத்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார்.

"தனியா போயி எங்கனா மாட்டிக்கினா நான் எங்கனு தேடுவேன்? கண்ண செரி பண்ணிக்கினு அப்புறம் எங்க வேணா போங்க" என்று சொல்லிவிட்டு அப்பா வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. அம்மாவின் கையில் தம்பி, பால்குடி மாறாத குழந்தை.

அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு என்னைச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் காதில் சொன்னாள்: "நீதான் தாத்தாவுக்குத் துணை. கைய உட்ராத. போர்டு படிச்சி ஏத்து. அவருகிட்ட மட்டும் சொல்லிக்காத, கோச்சிக்குவாரு." எனக்குத் தலைகால் புரியவில்லை. அவ்வளவு பெருமை! வறுத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பையும் கேப்பை மாவு ஒரு பையும் கொடுத்து, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எங்களை ஏற்றிவிட்டாள். அப்பா திரும்பி வருவதற்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

விழுப்புரத்தில் வண்டி மாற வேண்டும். அங்கேதான் என் படிப்பு சந்தி சிரித்தது. நான் இங்கிலீஷ் மீடியம். தமிழில் நாலெழுத்துக்கு மேல் போனால் மூச்சு வாங்கும். ஒரு பஸ்ஸின் நெற்றியில் 'திரு' என்று இருந்தது. அதற்கப்புறம் ஒரு 'வ'வும் தெரிந்தது. "இதான் தாத்தா!" என்று கத்தினேன். அவரும் பளிச்சென்று பார்ப்பவர்போல அண்ணாந்து பார்த்து, "ஆமாமா, இதேதான்" என்றார். ஏறிவிட்டோம்.

ஊரைத் தாண்டியபிறகு கண்டக்டர் வந்தார். "திருவெண்ணெய்நல்லூர் ஒண்ணு, ஒரு அரை" என்றார் தாத்தா.

"இது திருவண்ணாமலை வண்டி பெரியவரே! போர்டு பாக்கலியா? சின்னப் புள்ளைய வேற இட்டுக்கினு வந்துக்கிறீங்க. துணைக்கு யாரும் வர்லியா?"

"நான்தான்பா துணை" என்றார் தாத்தா. அதே மூச்சில் நானும் "நான்தான் துணை" என்றேன்.

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அம்மா என்னைத்தான் பாத்துக்கச் சொன்னாங்க" என்றேன். "உங்கம்மா எங்கிட்ட இல்ல சொன்னா! பாப்பாவுக்கு நீங்கதான் மாமா துணைன்னு" என்றார் தாத்தாவும் விடாமல்.

அம்மாவின் சாமர்த்தியம் அது. இன்றைக்கு நானும் அதையேதான் செய்கிறேன். முழங்கால் வலிக்கு மருந்து வாங்கப் போகும் அம்மாவோடு என் மகனை அனுப்பும்போது, இவன் காதில் ஒன்று ஓதிவிட்டு அவள் பக்கம் திரும்புவேன். "எங்கிட்டயேவாடி?" என்பாள் அம்மா.

காணை என்ற ஊரில் எங்களை இறக்கிவிட்டார்கள். எதிர்ப்பக்கம் போய் விழுப்புரம் வண்டி பிடிக்க வேண்டும். லாரிகள் பறந்தன. தாத்தா ஒரு காலை முன்னே வைப்பதும் பின்னுக்கு இழுப்பதுமாக நின்றார். வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் கூடையை விட்டு எழுந்து வந்தார். "என்னா பெரியவரே, யாரு கூட வந்தீங்க?"

தாத்தா தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தப் பாப்பாதாம்மா என்ன இட்டுக்கினு வருது. எனக்குக் கண்ணு தெரியல" என்றார்.

அப்பாடா, ஒத்துக்கொண்டார்! ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் நான் அங்கேயே ஒரு குதி குதித்தேன். அந்த அம்மாள் எங்களைச் சாலை தாண்ட வைத்து, சரியான வண்டியில் ஏற்றி, எனக்கு ஒரு வெள்ளரிப்பிஞ்சும் கொடுத்தார்.

விழுப்புரத்தில் இந்த முறை விசாரித்து ஏறி, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தோம். தாத்தாவின் அக்கா படுத்தவாக்கில் கையை நீட்டி, "வந்துட்டியாடா தம்பி" என்று அழுதார். கஞ்சி குடிக்கமாட்டேன் என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தவர், தாத்தா ஊட்டினால் குடிப்பதாகச் சொன்னார். தாத்தா ஸ்பூனைக் கொண்டுபோனார். அது நேராக மூக்குக்குப் போனது. அடுத்தது கன்னத்துக்கு. நான் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். அவர் ஊட்ட, நான் வழிகாட்ட, கிண்ணம் காலியானது. "என்ன ஊட்டி வளத்தவளுக்கு ஒரு வாய் ஊட்டத் துப்பில்லாம போச்சே" என்று தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்காவுக்காக அழுகிறார் என்று நினைத்தேன்.

நாங்கள் வீடு திரும்பியபோது அப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். அம்மா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தாள். சரி, இன்றோடு தாத்தா வாசல்படி தாண்டமுடியாது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா வாயைத் திறப்பதற்குள் தாத்தா முந்திக்கொண்டார். "டேய், ஆஸ்பத்திரியில சொல்லி வையி. பாப்பா மாத்தி ஏத்துனாகூட எனக்குத் தெரியல. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சினா, நான் என்னா துணை?"

அப்பா திட்ட வந்ததை விட்டுவிட்டு, தாத்தாவின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். நானோ, காணையில் ஒத்துக்கொண்டதை வீட்டில் மாற்றிப் பேசுகிறாரே என்று முறைத்துக்கொண்டு போனேன்.

பிறகு ஒருநாள், ஆபரேஷன் முடிந்து, தாத்தாவின் கண்கட்டை அவிழ்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் அம்மா என்னை முன்னே தள்ளிவிட்டாள். தாத்தா கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டிப் பார்த்தார்.

"ஏ பாப்பா, முன்பல்லு எங்க? எப்ப உழுந்துச்சி?"

அந்தப் பல் விழுந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. விழுந்த அன்றைக்கு அவரிடம்தான் முதலில் ஓடிப்போய் வாயைத் திறந்து காட்டினேன். "அடடே, அழகாக்கீது" என்று சொன்னவர் அவர். இப்போது வேண்டுமென்றே கிண்டல் செய்கிறார் என்று நினைத்து, வாயை இன்னும் பெரிதாகத் திறந்து காட்டிச் சிரித்தேன்.

தாத்தா சிரிக்கவில்லை. என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குக் கன்னம் வலித்தது. "உடு தாத்தா" என்று திமிறிக்கொண்டு விளையாட ஓடிவிட்டேன்.