ரோஜாவுக்கு ஆகாத மூக்கு

ரோஜா பூக்கும் மாதம் வந்துவிட்டால் கம்சர் ஊரில் எல்லோருக்கும் கொண்டாட்டம், ஸஃபருக்கு மட்டும் திண்டாட்டம். விடிவதற்கு முன்பே ஜனங்கள் இடுப்பில் துணியை மடி கட்டிக்கொண்டு, பாட்டும் சிரிப்புமாகப் பூப்பறிக்கப் போவார்கள். ஸஃபர் மூக்கைத் துடைத்துக்கொண்டே போவார். முதல் செடியைத் தொடுவதற்குள் கண் சிவந்துவிடும். ஒரு வரிசை முடிவதற்குள் மூக்கடைத்து, தொண்டையில் கோழை இறங்கி, குரல் கட்டிவிடும். அதன்பிறகு பூக்காலம் முடிகிறவரை வாயால்தான் மூச்சு.

வேறு ஊரில் பிறந்திருந்தால் இந்த மூக்கை யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். அவர் பிறந்ததோ பன்னீர் காய்ச்சுகிற வீட்டில். தோட்டமும் செம்புக் கொப்பரையும் அப்பாவிடமிருந்து வந்தன. மூக்கு மட்டும் யாரிடமிருந்து வந்ததென்று தெரியவில்லை. சின்ன வயதில் அவர் தும்மும்போதெல்லாம் அப்பா, "வேலைன்னா மட்டும் உனக்குச் சளி பிடிக்குமாடா?" என்று முதுகில் போடுவார். அடி வாங்கிக்கொண்டே பறித்தார். அப்பா போனபிறகு அடியில்லாமல் பறித்தார். அவ்வளவுதான் வித்தியாசம்.

பன்னீர் காய்ச்சியே தாடி நரைத்த அந்த மனுஷருக்கு ரோஜா வாசனை எப்படியிருக்கும் என்று தெரியாது; பூக்காலம் முடிந்து பன்னீரை மோந்தாலும் மூக்கு அடைத்துக்கொள்ளும். இதை வெளியே சொன்னால் மானம் போய்விடும். காய்ச்சி இறக்கியதை அவர் மனைவி தூபாதான் மோந்து பார்த்து, "இது தேறும், இது தேறாது" என்பாள். அவள் சொல்லுக்கு அவர் பெரிய மனுஷர் மாதிரித் தலையாட்டுவார்.

மூக்கடைப்பைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். தும்மல்தான் குடியைக் கெடுத்தது. அந்தப் பக்கத்தில் ஒரு காரியம் தொடங்கும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் 'பொறு' என்று அர்த்தம். கையில் எடுத்ததைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டாவது தும்மல் விழுந்தால் 'ம், நடக்கட்டும்' என்று அர்த்தம். ஸஃபரின் மூக்குக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? அது பாட்டுக்கு ஒன்றோடு நின்றுவிடும். சரக்கேற்றிக் கிளம்புகிற கழுதைக்காரர்கள் அவரைத் தெருவில் பார்த்தால், "அண்ணே, போட்டா ரெண்டா போடுங்க, இல்ல வாயைப் பொத்திக்கிட்டு அந்தப் பக்கமா போங்க" என்பார்கள். அவரும் சிரித்து வைப்பார்.

மகள் ஷம்ஸிக்கு வரன் வரத் தொடங்கியபிறகு அந்தச் சிரிப்பும் நின்றுபோயிற்று. பன்னீர் வாங்க வெளியூர்க்காரர்கள் வருவதே பூக்காலத்தில்தான். வந்த இடத்தில் பெண்ணையும் பார்த்துக்கொள்வார்கள். முதலில் வந்தவர்கள் பேசி முடித்து எழுந்திருக்கும்போது அவர் தும்மினார். "பொறுத்துப் பார்ப்போம்" என்று போனவர்கள் இன்னும் பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். அடுத்து வந்தவர்களுக்கும் அதே கதை. அந்தப் பூக்காலங்களில் ஷம்ஸியின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். தன்னால்தான் பெண் மூலையில் உட்கார்ந்து அழுகிறாள் என்று அவருக்குச் சோறு இறங்காது.

மூன்றாவதாகப் பாலைவன ஓரத்து ஆரான் ஊரிலிருந்து ஆள் வந்தது. மாப்பிள்ளை நௌரூஸ் கம்பளம் நெய்கிறவன். அவனுடைய தாய்மாமன் கராம் வருஷா வருஷம் பன்னீர் வாங்க வருகிறவர். "பூ முடியறதுக்குள்ள சீனி உடைச்சிடலாம்" என்று சொல்லியனுப்பினார். சீனிக் கூம்பை உடைத்துவிட்டால் நிச்சயம் ஆன மாதிரி. இதுவும் போனால் இனி ஒருவரும் படியேற மாட்டார்கள் என்று ஸஃபருக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்துக் காஷான் பட்டணத்துக் கடைத்தெருவுக்குப் போய் வைத்தியர் மீர்ஸா தாவூத் முன்னால் உட்கார்ந்தார்.

வைத்தியர் நாடி பார்த்தார், தொண்டையைப் பார்த்தார். "ரேய் பட்டணத்துல அந்தக் காலத்துல ஒரு பெரிய வைத்தியர் இருந்தாருங்க. ரோஜா பூக்கிறப்ப மட்டும் சளி பிடிக்கிற ஒருத்தருக்கு வழி சொல்லியிருக்கார். அந்த ஆளு நீங்கதானோன்னு தோணுது. மல்லாந்து படுக்கக் கூடாது, சளி தொண்டையில இறங்கும். தலையில சூடான துணியைக் கட்டுங்க. வெங்காயத்தை விட்டுடுங்க. கருஞ்சீரகத்தை வறுத்துத் துணியில முடிஞ்சு மோந்துக்கிட்டே இருங்க."

"அவ்வளவுதானா, வைத்தியரய்யா?"

"அவர் முதல்ல சொன்னதை நான் கடைசியில சொல்றேன். ரோஜா இருக்கிற பக்கமே போகக் கூடாது."

ஸஃபருக்குச் சிரிப்பு வந்து, சிரிப்பு இருமலாகிவிட்டது. "நான் கம்சர்காரனுங்க."

"தெரியும். அதான் கடைசியில சொன்னேன்."

அன்றிலிருந்து ஸஃபர் ஒருக்களித்தே படுத்தார். கொப்பரை அனலில் கம்பளித் தொப்பியோடு நின்றார். "ஏங்க, வேகறது பூவா நீங்களா?" என்று தூபா கேட்டாள். தினமும் காலையில் ஷம்ஸி கருஞ்சீரகம் வறுத்துப் பொட்டணம் கட்டுவாள். சூடு தாங்குமா என்று தன் மூக்கில் நன்றாக வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அப்பாவிடம் நீட்டுவாள். நாளாக ஆகத் தும்மல் குறைந்தது. ரேய் வைத்தியரின் வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும் என்று ஸஃபர் நினைத்துக்கொண்டார்.

ஆரான்காரர்கள் வந்த அன்று அவர் பொட்டணத்தை மூக்கிலிருந்து எடுக்கவேயில்லை. தேநீர் ஆயிற்று. தூபா எல்லோர் கையிலும் பன்னீர் ஊற்றினாள். மாப்பிள்ளையின் அம்மா ஸகீனா பெண்ணைக் கூப்பிட்டுப் பார்த்தாள், முகம் மலர்ந்தது. கராம் சீனிக் கூம்பை மடியருகே இழுத்து, சின்னக் கோடரியை ஓங்கினார். ஸஃபர் நிம்மதியாகப் பொட்டணத்தை மடியில் செருகிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து வந்தது தும்மல், ஒற்றையாக.

ஓங்கிய கோடரி அப்படியே நின்றது. எல்லோரும் ஸஃபரின் மூக்கையே பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து காத்திருந்தார், ஜன்னல் வெளிச்சத்தை வெறித்தார், மூக்கைக் கசக்கினார். வரவில்லை. ஸகீனா போர்வையை மெல்ல இழுத்துவிட்டுக்கொண்டு, "பொறுன்னு வந்திருச்சு. பொறுத்துதானே ஆகணும்" என்றாள். கிளம்பப் போகிறவளின் குரல் அது.

"ஒரு நிமிஷம், சம்பந்தியம்மா" என்று ஸஃபர் எழுந்து முற்றத்துக்கு ஓடினார். மறுநாள் காய்ச்ச வேண்டிய பூ அங்கே குவித்துக் கிடந்தது. வாழ்நாளெல்லாம் எதைக் கண்டு ஒதுங்கினாரோ அதன் முன்னால் மண்டியிட்டு முகத்தை உள்ளே புதைத்து இழுத்தார். தும்மல் வரவில்லை. வாசனை வந்தது.

இதுதானா அது என்று திகைத்துப்போனார். இதையா இத்தனை காலமும் கூடை கூடையாகச் சுமந்தோம்? தொண்டைவரை இறங்கியது அந்த மணம். இன்னொரு தரம் இழுத்தார். சுகமாகத்தான் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல். இத்தனை வருஷம் மூடிக்கிடந்த மூக்கு, பெண்ணின் வாழ்க்கைக்கு ஒரே ஒரு தும்மல் கேட்ட அன்றைக்கா திறக்க வேண்டும்? அவருக்கு அழுகை வந்துவிட்டது.

தேநீர்த் தட்டோடு ஷம்ஸி பின்கட்டு வழியாக வந்து நின்றாள். "வரலையாப்பா?"

"வரலம்மா. மருந்து கேட்டுடுச்சு."

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "நகருங்க." இரண்டு கையாலும் பூவை அள்ளி முகத்தில் அப்பிக்கொண்டு ஒரு மூச்சு இழுத்தாள். கண் உடனே சிவந்தது. வாயை மூடாமல், அப்பன் தும்முகிற அதே ஓசையில் தும்மினாள். உடனே கணக்கைக் கெடுக்க மூன்றாவது முட்டிக்கொண்டு வர, முக்காட்டை வாயில் திணித்து விழுங்கினாள்.

"விழுந்தாச்சு, ரெண்டாவது" என்று உள்ளே கராமின் குரல் கேட்டது. சீனிக் கூம்பு உடைகிற சத்தமும் கேட்டது. பெண்கள் குலவையிட்டார்கள்.

ஸஃபர் மகளின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுத கண் என்று நினைத்திருந்த கண். "எப்ப இருந்து?"

"சின்னதுல இருந்தேப்பா."

"ஒரு வார்த்தை சொல்லலையே."

"தாத்தா உங்களை அடிச்சதைச் சொல்லியிருக்கீங்களே." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நீங்க அடிக்க மாட்டீங்க, தெரியும். ஆனா பூவை யாரு பறிக்கிறது? அம்மாவா?"

அவர் மடியிலிருந்த பொட்டணத்தை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை மோந்துகொண்டே, "ஆரான்ல ரோஜா கிடையாதாம்ப்பா. கண்ணுக்கு எட்டின வரைக்கும் மணலாம்" என்றாள். "மாப்பிள்ளை எப்படின்னு அம்மா கேட்டாங்க. நான் இதைத்தான் நெனச்சேன்." பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கண் சிவந்திருந்ததைப் பார்த்து, பெண் பிறந்த வீட்டை நினைத்து அழுகிறாள், நல்ல குணம் என்று ஸகீனா மெச்சினாள்.

இலையுதிர் காலத்தில் கல்யாணம் முடித்து ஷம்ஸியைக் கழுதைமேல் ஏற்றி அனுப்பினார்கள். போகிறவர் பின்னால் வழக்கப்படி தெளிக்கத் தூபா நல்ல பன்னீராகப் பார்த்துக் கிண்ணத்தில் எடுத்து வந்தாள். ஸஃபர் அதை வாங்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, கிணற்றுத் தண்ணீரை மொண்டு வந்தார். "கம்சர்ல பன்னீருக்குப் பஞ்சமா, அண்ணே?" என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். ஸஃபர் பன்னீர்க் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்தார்.

கழுதை நகரும்போது அவர் புதிதாக முடிந்த கருஞ்சீரகப் பொட்டணத்தை மேலே நீட்டினார். ஷம்ஸி அதை வாங்கவில்லை. குனிந்து அவர் விரல்களை அதன்மேல் மடக்கி மூடினாள்.

"அங்க எனக்கு எதுக்குப்பா? நீங்க வெச்சுக்குங்க. உங்களுக்குத்தான் அடுத்த வருஷமும் பூக்கும்."