அத்தானின் இடது கை

எங்கள் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், துருவேறிய இரும்பு வட்டு ஒன்று கிடக்கிறது. வேனின் முன்சக்கரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஹப். உள்ளே தேய்ந்துபோன பேரிங்கும் அப்படியே இருக்கிறது. பழைய இரும்புக்காரர் வரும்போதெல்லாம் அக்கா அதைத் தூக்கிப் போடச் சொல்வாள். நான் ஏதாவது கேலி பேசித் தப்பித்துவிடுவேன்.

அந்த வேன் அக்காவின் கணவரான அத்தானுடையது. தூத்துக்குடியிலிருந்து கோவில்பட்டிக் கடைகளுக்கு உப்பு மூட்டை ஏற்றி வந்தவர். மூட்டைகளில் கசிந்த உப்புநீர் வேனின் அடிப்பாகத்தை அரித்தது. பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரம் மூன்று நாள் திருநெல்வேலியில் டயாலிசிஸ். சோற்றில் உப்பு கூடாது. "ஏத்துன உப்பு வண்டியவும் தின்னுட்டு, ஒங்களையும் தின்னுட்டு அத்தான்" என்பேன். "பத்தாங்கிளாச மூணு தடவ எழுதுன பயலுக்குப் பேச்சப் பாரு" என்று உடம்பு குலுங்கச் சிரிப்பார். டயாலிசிஸுக்காக அவருடைய இடது முன்கையில் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரல் வைத்தால் உள்ளே ஒரு வண்டு முரலுவது போலிருக்கும். அது நின்றால் டயாலிசிஸுக்கு அந்தக் கை பயன்படாது. அதனால் கனம் தூக்கக் கூடாது, அடிபடக் கூடாது, தினமும் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். முன்சக்கரம் உறுமத் தொடங்கியபோது அதையும் நான் விடவில்லை. வண்டியில் சத்தம் வந்தால் கேடு, உங்கள் கையில் சத்தம் நின்றால் கேடு, இரண்டுக்கும் நான்தான் மெக்கானிக் என்றேன்.

பட்டறையில் மூன்று நாள் கேட்டார்கள். மறுநாள் காலையே திருநெல்வேலிக்குப் போக வேண்டும். டயாலிசிஸ் முடிந்தால் அவருக்குக் கால் இழுத்துப் பிடிக்கும்; பஸ்ஸில் வர முடியாது. அதனால் புது ஹப்பை நானே வாங்கி வந்து, வீட்டு வாசலிலேயே சக்கரத்தைக் கழற்றினேன். அத்தான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நட்டு வந்துவிட்டது, ஹப் மட்டும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்தேன், தட்டினேன், மறுபடியும் ஊற்றினேன். வெயில் சாய்ந்தது. அலுப்பில் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "எங்கக்காவக் கட்டும்போது ஒத்தத் தோள்ல ரெண்டு மூட்ட தூக்குவேன்னு சொன்னியளே, அந்த ஆளு எங்க போனாரு?"

அவர் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, எதிரே குத்தவைத்து, இரண்டு கைகளாலும் ஹப்பைப் பிடித்து இழுத்தார். நான் தடுக்கவில்லை. ஹப்பின் பின்பக்கத்தில் சுத்தியலால் ஓங்கி அடித்தேன். ஹப் சட்டென்று கழன்றது. அவர் மல்லாந்து விழுந்தார். அது அவருடைய இடது முன்கையில் இடித்து உருண்டது. சிறிது சிவந்திருந்தது, அவ்வளவுதான். விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "இருக்குல, ஓடுது" என்றார்.

மறுநாள் வேன் சத்தமே இல்லாமல் ஓடியது. "புது மாப்பிள்ள கணக்கா போகுதே" என்று ரசித்துக்கொண்டே வந்தார். கயத்தாறு தாண்டியதும் பழக்கத்தில் விரல் இடது கைக்குப் போனது. சற்று மேலே நகர்ந்தது, பிறகு கீழே. ஓரமாக நிறுத்தச் சொன்னார். எஞ்சினை அணைத்துவிட்டு நானும் தொட்டுப் பார்த்தேன். கை கையாக மட்டும் இருந்தது.

என்ன ஆயிற்று என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். தூக்கத்தில் கையை மடித்துப் படுத்துவிட்டாராம். அக்காவிடமும் அதையே சொன்னார். தானாகவும் அடைத்துக்கொள்ளும் என்றார் டாக்டர். நான் அதைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன், பிடி கிடைக்கவில்லை. டயாலிசிஸுக்காகக் கழுத்தில் குழாய் போட்டார்கள். அதில் கிருமி தொற்றிக் காய்ச்சல் வந்தது. ஒருநாள் கட்டிலருகே, அக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடப் போவதாகச் சொன்னேன். "சொன்னா அவளுக்குப் புருசனும் போவான், தம்பியும் போவான். வாய மூடிட்டு வண்டிய ஓட்டு மாப்ள" என்றார். ஐப்பசி மழைக்கு முன்பே போய்விட்டார்.

இப்போது வேனை நான் ஓட்டுகிறேன். போன வாரம் அக்கா முன்சீட்டில் வந்தாள். "சத்தமே இல்ல பாரு, ரெண்டு பேரும் நல்லாத்தான் மாத்திருக்கிய" என்றாள். வீட்டுக்கு வந்ததும் கொல்லைக்குப் போய், அந்தப் பழைய ஹப்பின் பேரிங்கில் விரலை விட்டுச் சுற்றினேன். அது இன்னும் உறுமுகிறது.