ராஜாவின் வலது கை

செந்தூலில் ஐந்தாவது மாடியில் என் வீடு. ஹாலில்தான் படம் வரைகிறேன். அம்மன், முனியாண்டி, சோழ ராஜா என்று இருபது வருஷமாக மாற்றி மாற்றி வரைந்து எனக்கு அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் இறந்துபோன அப்பாவை ராஜாவாக வரையச் சொல்லித்தான் நிறையப் பேர் வருகிறார்கள். சிம்மாசனம், வாள், கிரீடம் எல்லாம் எப்போதும் ஒன்றுதான். முகத்தை மட்டும் மாற்றுவேன். இதைக் கலை என்று சொல்ல எனக்கே கூச்சம்.

போன வருஷம் கிள்ளானிலிருந்து ஒரு மகன் வந்தான். அப்பாவின் ஐசி, அதாவது அடையாள அட்டையின் நகலைத் தவிர அவனிடம் நல்ல படம் கிடையாது. பதினாறாம் நாள் காரியத்துக்குள் வேண்டும், அம்மா அதை வைத்துத்தான் கும்பிடுவார் என்றான். நானும் வழக்கம்போல வரைந்துவிட்டேன்.

முடிந்ததும் பார்க்க அம்மாவையும் அழைத்து வந்தான். அன்றைக்குப் பார்த்து லிஃப்ட் வேலை செய்யவில்லை. அந்த அம்மா மூச்சு வாங்க நின்று படத்தையே பார்த்தார்.

"நல்லாத்தான்மா இருக்கு. ஆனா இது யாரு?"

"அப்பாதாம்மா. ராஜா மாதிரி போட்டிருக்காங்க" என்றான் மகன்.

"உங்கப்பா எங்கடா இவ்ளோ வெள்ளை? போர்ட்டுக்கு லோரி ஓட்டுன ஆளு. வெயில்ல ஜன்னல் மேல வச்சு வச்சு வலது கை மட்டும் அதவிடக் கறுப்பு. இவர வச்சு நான் எப்படிக் கும்பிடுறது?"

எனக்குச் சுருக்கென்றது. ஐந்து மாடி ஏறி வந்து குறை சொல்கிறாரே என்று கோபமும் வந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. சாமிக்கும் ராஜாவுக்கும் ரோஸ் கலந்த வெள்ளைதான் என் கைப்பழக்கம். கரும்பழுப்பை அசுரர்களுக்கு மட்டுமே எடுப்பேன். அப்படிச் செய்யும்படி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. காலண்டர் படங்களைப் பார்த்தே வந்த பழக்கம். என் அப்பாவும் அந்தக் கரும்பழுப்புதான்.

இரண்டு நாள் உட்கார்ந்து முழு உடம்பையும் கரும்பழுப்பில் திரும்ப வரைந்தேன். வலது கையை இன்னும் கொஞ்சம் கறுப்பாக்கினேன். குனிந்து குனிந்து என் முதுகு ஒடிந்துபோயிற்று.

காரியத்தன்று காலையில் நானே கிள்ளானுக்குக் கொண்டுபோனேன். மகன் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஆன்டி, ஒரு கை மட்டும் கலர் மிஸ்டேக் ஆயிருச்சு லா" என்றான்.

நான் பதில் சொல்வதற்குள் அவன் அம்மா வந்துவிட்டார். வாள் பிடித்திருந்த அந்தக் கையின் மேல் தன் கையை வைத்தார்.

"வந்துட்டீங்களா" என்றார், வேலை முடிந்து வந்தவரைத் தினமும் கேட்பது போல.

என்னால் அங்கே நிற்க முடியவில்லை. சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார்கள், வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டுக் காரில் வந்து உட்கார்ந்தேன். இதுவரை வரைந்து கொடுத்த அப்பாக்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். எத்தனை வீட்டில் இன்னும் யாரோ ஒருவருக்கு விளக்கேற்றிக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்களோ, எனக்குத் தெரியாது.