அடுப்புக்கு மேலே அவன் முகம்

கார்மெண்ட்ஸ் கம்பெனியில் நான் பேக்கிங்கில் இருந்தேன், என் மனைவி தையலில். பொம்மசந்திராவில் ஒற்றை அறை வீடு. அந்த வீட்டில், கேஸ் அடுப்புக்கு மேலே, வேறொரு ஆண்பிள்ளையின் முகம் பல வருஷம் இருந்தது.

அவன் என்னோடு பேக்கிங்கில் வேலை பார்த்தவன். தையலில் இருந்த பெண்களைக் கழிவறைக்குக்கூட விடாமல் சூப்பர்வைசர்கள் விரட்டியதால் எல்லாரும் கேட் முன்னால் உட்கார்ந்தோம். அவன் கையை உயர்த்திக் கோஷம் போட்டான். யாரோ படம் எடுத்தார்கள். அதுதான் போஸ்டர் ஆனது. படத்துக்குக் கீழே கன்னடத்திலும் தமிழிலும் ஒரே பேச்சு: "தாகம் எடுத்தாலும் நாங்கள் தண்ணீர் குடிப்பதில்லை. ஏன் என்று கேளுங்கள்."

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. நாலு பேர் திரும்பிப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் பசை காய்ச்சும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மைதாவில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் போஸ்டரை மாடு தின்னாது. சுவரில் ஒரு பூச்சு, தாளை ஒட்டியபின் அதன்மேல் ஒரு பூச்சு. ஷிப்டுக்கு முன்னால், ஓசூர் ரோடு நெடுக, அவன் நெற்றியையும் கன்னத்தையும் மீசையையும் என் கையாலேயே தடவிக் கொடுத்தேன்.

"மச்சான், மூக்குகிட்ட காத்து நிக்குது பாரு. நல்லா நீவி விடு," என்பான். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். மீசை வரும்போது மட்டும் பிரஷ்ஷைக் கொஞ்சம் அழுத்துவேன்.

மிச்சமான ஒரு தாளை என் மனைவி டேப் போட்டு அடுப்புக்கு மேலே ஒட்டினாள். தோசை வார்க்கும்போது அவள் நிமிர்ந்தால் எதிரே அவன். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

சமீபத்தில் கல்லூரிப் பெண் ஒருத்தி வந்தாள். தொழிலாளர் போராட்டங்களின் போஸ்டர்களைத் தேடி எடுத்து மல்லேஸ்வரத்தில் ஒரு ஹாலில் கண்காட்சியாக வைக்கப் போகிறார்களாம். சுவர்களில் இருந்ததெல்லாம் மழையோடு போய்விட்டது, எங்கள் போராட்டத்துக்கு இந்த ஒன்றுதான் மிச்சம் என்றாள்.

அவள் கேட்டு முடிப்பதற்குள் நான் ஸ்டூல் மேல் ஏறிவிட்டேன்.

"இன்னாய்யா அவசரம்? கிழிச்சிடப் போற," என்றாள் மனைவி.

"அவன் மூஞ்சி மேல அவ்ளோ அக்கறையா உனக்கு?"

இத்தனை வருஷம் அடக்கிவைத்தது, வந்தவள் எதிரில் வாயிலிருந்து விழுந்துவிட்டது.

மனைவி முறைத்தாள். "அந்தாளு மூஞ்சிய யார்யா பாத்தா? கீழ இருக்கிறது நான் பேசினது. கூட்டத்துல எழுந்து அழுதுகினே சொன்னேன். அப்படியே எழுதிக்கினாங்க. நீ எங்க இருந்த?"

நான் வெளியே முதல் நோட்டீஸுக்குப் பசை கிண்டிக்கொண்டிருந்தேன்.

போஸ்டருக்குக் கீழே ஒரு அட்டை வைப்பார்களாம். கையை உயர்த்தியிருப்பவர் பெயர் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவன் பேர் எதுக்கும்மா? பேச்சு இவளோடது. இவ பேர போடு," என்றேன். இவளுக்காகச் சொன்னேனா, அவன்மேல் இருந்த எரிச்சலில் சொன்னேனா, எனக்கே தெரியாது.

"அந்தாளு பேரையும் போடும்மா," என்றாள் மனைவி. "இந்தப் படத்த வெச்சிதான் வேலைய விட்டுத் தூக்கினாங்க."

உண்மைதான். என் முகம் எந்தச் சுவரிலும் இல்லாததால் என் வேலை தப்பியது. அதிலும் அவன்தான் ஒரு படி மேலே.

மல்லேஸ்வரத்துக்கு இருவரும் போனோம். போஸ்டரைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டியிருந்தார்கள். எங்கள் வீட்டு எண்ணெய்க் கறையும் உள்ளே தெரிந்தது. சில பெண்கள் அந்த வார்த்தைகளை வாய்விட்டுப் படித்துவிட்டு, நகராமல் நின்றார்கள். என் மனைவி ஓரமாக நின்று அவர்களையே பார்த்தாள். நான் அட்டையை எழுத்துக்கூட்டிப் படித்தேன். முதலில் அவள் பெயர், பக்கத்திலேயே அவன் பெயர், கல்யாணப் பத்திரிகையில் போட்ட மாதிரி.

"எப்படிய்யா இருக்குது?" என்று வந்து கேட்டாள்.

"எழுத்து சின்னதா இருக்குது," என்றேன்.