பூட்டில்லாத போன்

"என் வாழ்க்கையில மூடி வைக்கிறதுக்கு ஒண்ணுமில்லய்யா. என் போனை நடுரோட்ல போட்டாலும், எடுத்துப் பாக்கறவனுக்குக் கொட்டாவிதான் வரும்!"

சலூன்காரர் இந்தப் பிரகடனத்தை வெளியிட்டபோது, எதிரே இருந்தவர் முகம் முழுக்க நுரையோடு மறுக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். ஆகவே அது ஏகமனதாக நிறைவேறியது.

சொன்னதற்கேற்ப அவர் போனில் பூட்டு கிடையாது. கண்ணாடி முன்னால் பவுடர் டப்பாவில் சாய்ந்து நிற்கும். அழைப்பு வந்தால், பெஞ்சில் காத்திருப்பவர்களில் ஒருவர் எட்டி ஸ்பீக்கரில் போட்டுவிடுவார். மனைவி பல்வலி மாத்திரை வாங்கிவரச் சொன்னால், சாயங்காலத்துக்குள் நாலு பேர் அவருக்கு ஞாபகப்படுத்துவார்கள். ஒருமுறை, டார்ச் அடிக்கிற செயலி ஒன்று அவருடைய உறவினர் எண்கள், இருக்கும் இடம், பேசும் குரல் எல்லாவற்றையும் கேட்டது. வெளிச்சம் காட்ட இவ்வளவு எதற்கு என்று அவர் யோசிக்கவில்லை. கேட்டவரிடம் இல்லை என்று சொல்லிப் பழகாத மனிதர். தாராளமாகச் 'சம்மதம்' கொடுத்தார்.

ஐம்பத்திரண்டாவது வயதில் அவருடைய வலது கை நடுங்க ஆரம்பித்தது.

விசித்திரமான நடுக்கம். கத்தரியைப் பிடித்து வேலையில் இறங்கினால் காணாமல் போகும். கையைச் சும்மா வைத்தால் வந்துவிடும். எனவே சலூன்காரர் கையைச் சும்மா வைப்பதையே விட்டார். பேசும்போதும், சில்லறை தேடும்போதும் கத்தரியால் காற்றை வெட்டிக்கொண்டிருந்தார். கிளிக், கிளிக். வாடிக்கையாளர்கள் அதை ஸ்டைல் என்று ரசித்தார்கள். விஷயம் வெளியே தெரிந்தால், இதே ரசிகர்களில் ஒருவரும் அவர் கத்திக்குக் கழுத்தை நீட்டமாட்டார்கள். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. பின்னறையில் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தின் மறைவில், போனிடம் மட்டும் மெல்லக் கேட்டார்: "சும்மா இருக்கும்போது வலது கை ஏன் நடுங்குது?"

போன் பதில் சொன்னது. ஆனால் அதோடு வாயை மூடிக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் பெஞ்ச் நிரம்பியிருந்தது. நாற்காலியில் கணக்கு வாத்தியார். தம் போன் கேமராவின் மேல் பிளாஸ்திரி ஒட்டி வைத்திருப்பவர். கத்தி அவர் தொண்டைக்கு வந்த நேரம், சுவரில் இருந்த டிவியில் பாட்டு நின்று ஓர் இனிய பெண்குரல் கேட்டது: "ஐம்பதைத் தாண்டிவிட்டீர்களா? வலது கை நடுங்குகிறதா?"

கத்தி அசையாமல் நின்றது.

"நம்மள்ல யாருய்யா அது?" என்று பெஞ்ச் சிரித்தது. "வாத்தியாரே, நீங்களா?"

வாத்தியார் தாடையை அசைக்காமல் முனகினார். "விளம்பரம் சும்மா வராதுய்யா. தேடினவனைத் தேடித்தான் வரும். இந்த டிவி யார் போன் கணக்குல ஓடுது?"

சலூன்காரரின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டது. "என்... என் மச்சான் வந்திருந்தான். அவன்தான் எதையாவது நோண்டியிருப்பான்."

மச்சான் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஆனாலும் இப்படிப்பட்ட சமயங்களுக்கு உதவாவிட்டால் மச்சான் எதற்கு?

அப்போது போன் அடித்தது. பெஞ்சிலிருந்து வழக்கம்போல் ஒரு கை நீண்டது.

"தொடாதே!"

கத்தியோடு பாய்ந்து வந்தவரைப் பார்த்து பெஞ்ச் மொத்தமும் சுவரோடு ஒட்டியது. பாதி முகம் மழித்த வாத்தியாரை அப்படியே விட்டு, சலூன்காரர் போனோடு பின்னறைக்குள் ஓடிக் கதவைச் சாத்தினார்.

"சார், உங்க நடுக்கத்துக்கு முதல் ஆலோசனை இலவசம்" என்றது மறுமுனையில் ஒரு பெண்குரல்.

"உங்களுக்கு யாரும்மா சொன்னது?"

"நீங்கதான் சார் சம்மதம் கொடுத்திருக்கீங்க."

"அழிச்சிடுங்க. எல்லாத்தையும் அழிச்சிடுங்கம்மா."

"தாராளமா. அது உங்க உரிமை சார். அடையாள அட்டையோட, கை நடுங்கற வீடியோ ஒண்ணு அனுப்புங்க. நீங்கதான்னு நாங்க உறுதி பண்ணிக்கணும்ல?"

"வேற யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?"

"சேச்சே! எங்க பங்குதாரர்களுக்கு மட்டும்தான்."

"எத்தனை பேரு?"

"எண்ணூத்துப் பதினாலு சார்."

மனைவிக்குத் தெரியாத ஒன்று, முகம் தெரியாத எண்ணூற்றுப் பதினான்கு பேருக்குத் தெரிந்திருந்தது. இதில் எத்தனை பேர் இந்த ஊரில் முடி வெட்டிக்கொள்கிறார்கள்? அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கை சுவரில் தாளம் போட்டது.

பிறகு வெளியே வந்து வாத்தியாரின் மறு கன்னத்தை ஒரு கீறல் இல்லாமல் முடித்தார். வாத்தியார் கன்னத்தைத் தடவிப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது சலூன்காரருக்கு.

மத்தியானம் கடை காலியாக இருந்தபோது மனைவி சாப்பாடு கொண்டுவந்தாள். அக்காவிடம் பேசுவதற்காகப் பவுடர் டப்பாவில் சாய்ந்திருந்த போனை எடுத்தாள்.

"என்னங்க, இது ஏதோ நம்பர் கேக்குது?"

"ஆங்... பூட்டு போட்டிருக்கேன். ஒரு பாதுகாப்புக்கு."

"பூட்டா? நீங்களா? அப்படி என்ன இருக்கு இதுல?"

"ஒண்ணுமில்ல" என்றவர் அவசரமாகக் கத்தரியைத் தேடி எடுத்தார். நாற்காலியில் யாரும் இல்லை.

கிளிக், கிளிக், கிளிக்.