கொண்டை ஊசியும் சிவப்பு வெளிச்சமும்

கடலோரக் காவல் படை என்பது, புயல் கூண்டு ஏறியதும் எல்லோரும் கரைக்கு வர, நாம் மட்டும் கடலுக்குப் போகிற உத்தியோகம். வீட்டில் வேலையைப் பற்றி அரைகுறையாகச் சொல்லி வைத்திருக்கும் சக பாவிகளே, இது உங்களுக்கு.

ஒரே நிபந்தனை

எங்கள் ஊர் ஆனைக்குட்டம். அணை உண்டு, தண்ணீர் இருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகி, முட்டி மோதி அதிகாரியானேன்.

அம்மா பட்டாசு ஆலைத் தொழிலாளி. பக்கத்து அறை வெடித்தபோது வெட்டவெளிக்கு ஓடித் தப்பியவள். மகளாவது மருந்தைத் தொடக் கூடாது என்பது அவள் வைராக்கியம். எங்கள் பக்கம் மருந்து என்றால் வெடிமருந்துதான். வேலை ஆர்டரைக் காட்டியதும் கேட்டாள்: "அங்கன மருந்து கெடையாதுல்ல? பூராம் தண்ணிதானே? அப்பப் போ தாயி."

பயிற்சி

போன இடத்தில் கையில் கொடுத்ததே மருந்துதான். தத்தளிக்கும் படகுக்காரர்கள் உதவி கேட்டுக் கொளுத்தும் ஒளிக்குழல், சிவப்பாக எரியும். அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன நாட்களில், செருப்பையும் கொண்டை ஊசியையும் கழற்றினால்தான் ஆலைக்குள் விடுவார்கள். இரும்பு உரசினால் பொறி பறக்குமே! அந்தப் பழக்கத்தில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கொண்டை ஊசியை உருவத் தலைக்குக் கையைக் கொண்டுபோனேன். எல்லோரும் சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. தயங்காமல் கொளுத்தும்வரை நான் விடவில்லை; அம்மாவிடம் இதைப் பற்றி மூச்சும் விடவில்லை. தூத்துக்குடிக்காரப் பயிற்சியாளர் மட்டும் தலையில் அடித்துக்கொண்டார்: "கப்பல் முங்கிட்டிருக்கு, நீ கொண்டை ஊசியவா கழத்துத?"

மழைக்குள்

ஒருமுறை இன்ஜின் நின்ற படகொன்றைத் தேடினோம். மழையில் ஒன்றும் தெரியவில்லை. திரும்பலாம் என்றார்கள், இன்னொரு சுற்று பார்ப்போம் என்று பிடிவாதமாக நின்றேன். தூரத்தில் ஒரு சிவப்பு தெரிந்தது. கப்பலை நேராக அதை நோக்கி விட்டோம். கயிறு போட்டுத் தூக்கிய மீனவர் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "அதான் கடைசிக் குழலு. செஞ்சவுக கை நல்லாருக்கணும் தாயி."

குட்டு உடைந்தது

அந்த மீட்பு டிவியில் வந்துவிட்டது. சிவப்புத் தீயை அம்மா பார்த்துவிட்டாள். லீவில் வீட்டுக்குப் போனால் முகம் கொடுக்கவில்லை. "மருந்து இல்லேன்னுதானே அனுப்புனேன்? வேலைய எழுதிக் கொடுத்துட்டு வந்துரு" என்றாள். வர மாட்டேன் என்றேன். மீனவர் சொன்னதையும் சொன்னேன்.

அந்தக் குழல் அவள் செய்ததல்ல. ஆனாலும் மருந்துக் கறை போகாத தன் கைகளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சோற்றைப் போட்டபடி சொன்னாள்: "இங்கன தீயக் கண்டா நாங்க விலகி ஓடுவோம். நீ அதப் பாத்தே ஓடு, போ. கொண்டை ஊசிய மட்டும் கழட்டிட்டு ஓடு."

படையில் எனக்கு எத்தனையோ மேலதிகாரிகள் இருந்தும், நான் இன்றுவரை மீறத் துணியாத ஒரே உத்தரவு ஆனைக்குட்டத்திலிருந்து வந்ததுதான்.